புளியங்குடிக்கு வாருங்கள், காரை விட்டுவிட்டு!

குற்றாலத்தில் குளித்தாயிற்றா, வாசகரே? அப்படியே தென்காசியிலிருந்து மதுரை சாலையில் பஸ் ஏறிப் புளியங்குடிக்கும் போய் வாருங்கள். கார் வேண்டாம், காரணம் பிறகு சொல்கிறேன்.

எலுமிச்சைக்குப் பேர்போன இவ்வூரின் இயற்கை விவசாயிகள் கரும்புத் தோகைக்குத் தீ வைப்பதில்லை. வயலிலேயே மூடாக்காகப் பரப்புகிறார்கள். எரித்தால் புகை, மக்கினால் உரம்! யூரியாவும் போடுவதில்லை. யூரியா இட்ட மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

மேற்கே மலைத்தொடர் நிற்கிறது. அதைக் காப்பாற்றச் சங்கம் கூட்டும் நாமோ, ஆளுக்கொரு காரில் வந்து இறங்குகிறோம்! ஊருக்கு உபதேசம் சொல்லுமுன், நம் சங்கத்தின் புகைக்கும் ஒரு கணக்கு எழுதினால் என்ன?

திரும்பும்போது எலுமிச்சை வாங்க மறக்காதீர்கள், துணிப்பையையும்தான்!