சித்திரையில் விழுந்த பனி: இமாச்சல் ஆப்பிள் தோட்டங்களில் கண்டது

தை மாதத்தில் விழுந்தால் உரம், சித்திரையில் விழுந்தால் நட்டம். இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்து ஆப்பிள் விவசாயிகளுக்குப் பனி அப்படித்தான். குளிர்காலப் பனியை அவர்கள் ‘வெள்ளை உரம்’ என்றே சொல்கிறார்கள். அது மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்கும். கோடை வரை ஈரம் காக்கும். இலை உதிர்ந்து உறங்கும் மரத்துக்குக் குளிரும் வேண்டும். பழைய டெலிசியஸ் ரகங்களுக்கு 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரமாவது குளிர் கிடைத்தால்தான் பூ ஒழுங்காக வரும். அதே பனி ஏப்ரலில், மரம் முழுக்கப் பூத்து நிற்கும்போது வந்தால் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

கண்டுணர் பயணமாக ஓர் ஏப்ரல் கடைசியில் நாங்கள் சிலர் அங்கே போயிருந்தோம். சிம்லாவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் மலைப்பாதையில் போனால் நார்கண்டா. சுமார் 2,700 மீட்டர் உயரம். நம் ஊட்டியைவிட 450 மீட்டர் கூடுதல். அங்கிருந்து இறங்கினால் தானேதார், கோட்கர் கிராமங்கள். அமெரிக்காவிலிருந்து 1904-ல் இந்தியா வந்து இங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916-ல் டெலிசியஸ் ஆப்பிள் கன்றுகளை நட்டது இந்தப் பகுதியில்தான். இன்று சரிவு முழுக்க ஆப்பிள் மரம்தான். பெரும்பாலும் சிறு விவசாயிகள்.

நாங்கள் போவதற்கு மூன்று நாள் முன்பு மேல் கிராமங்களில் பனி விழுந்திருந்தது. சாலையோரம் அழுக்குக் குவியலாக அது இன்னும் கிடந்தது. மரம் சாய்ந்து கம்பி அறுந்ததால் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. சாலை சேறாகிப் பேருந்து வரவில்லை. மாட்டுக்கு வைத்திருந்த காய்ந்த புல் தீரும் நிலை. நட்டத்தைப் பதிவு செய்ய யாரிடம் போவது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மொழிதான் வேறு, புலம்பல் எல்லாம் நம் ஊர்ப் புலம்பல்தான்.

ஒரு தோட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து, பிளேடால் பூக்களை ஒவ்வொன்றாகக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தி தெரிந்த நண்பர் மூலம் பேசினோம். பக்கத்துத் தோட்டக்காரர் மறுநாளே எல்லாம் போச்சு என்று, வாடகைக்கு எடுத்த தேனீப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இந்த அம்மா அனுப்பவில்லை. “எண்ணிப் பார்க்காமல் எப்படி அனுப்புவது?” என்றார்.

அவர் எண்ணியது இதைத்தான். பூவின் நடுவே உள்ள சூலகம் பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்போ கருப்போ ஆகியிருந்தால் போய்விட்டது. இதழ் வாடியிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆப்பிளில் ஒரு கொத்துக்கு ஐந்தாறு பூக்கள். நடுப்பூ முதலில் விரியும், பெரிய காய் தருவதும் அதுதான். விரிந்த பூ முதலில் அடிபடும். பின்னால் விரியும் ஓரப்பூக்கள் பல நேரம் தப்பிக்கும். நூறு பூவில் பத்துக்கும் குறைவானவை காயானாலே நல்ல விளைச்சல். அவர் தோட்டத்தில் பத்துக் கொத்தில் ஆறில் ஒரு பூவாவது பச்சையாக இருந்தது. காய் அளவு குறையும், விலை குறையும். ஆனால் தோட்டம் காலியாகவில்லை. தேனீ இல்லாமல் அந்த மிச்சப் பூவும் காயாகாது. டெலிசியசுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும், அதைச் சுமந்து வர ஆள் வேண்டும்.

அவர்களிடம் நாங்கள் கேட்டறிந்த வேறு சில:

பனி விழும் இரவைவிட வானம் தெளியும் அடுத்த இரவுதான் ஆபத்து. மேகம் விலகினால் வெப்பம் மேலே போய்விடும். பூ விரிந்த நிலையில் மைனஸ் 2.2 டிகிரி அரை மணி நேரம் நீடித்தால் பத்தில் ஒரு பூ சாகும், மைனஸ் 3.9 என்றால் பத்தில் ஒன்பது.

கிளையில் தேங்கிய ஈரப்பனியை நீளக் கழியால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டி விடுகிறார்கள். உறைந்து இறுகிவிட்டால் தட்டுவதில்லை, கிளை முறியும்.

ஆலங்கட்டி மழைக்காகப் போட்ட வலையே பனிக்கு எமனாகிறது. வலையில் பனி தேங்கி, பாரத்தில் தூணும் கிளையும் சேர்ந்து முறியும். 2021 ஏப்ரலில், நம் கணக்கில் சித்திரை பிறந்து பத்து நாளில், அப்படிப் பல தோட்டங்கள் சேதமாயின. இப்போது வானிலை அறிவிப்பைக் கேட்டு, பனி என்றால் முந்தின நாளே வலையைச் சுருட்டிக் கட்டிவிடுகிறார்கள்.

வானிலை சார்ந்த காப்பீட்டில் நம் தோட்டத்துச் சேதத்தை யாரும் அளப்பதில்லை. வானிலை நிலையக் கருவி காட்டும் அளவுதான் கணக்கு. மேட்டில் பனி, கருவி பள்ளத்தில் என்றால் இழப்பீடு எட்டாது. கையெழுத்துப் போடும் முன் எந்த நிலையம் என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்த பாடம்.

நீலகிரியில் கார்த்திகை முதல் மாசி வரை உறைபனி பார்க்கும் நம் காய்கறி, தேயிலை விவசாயிகளுக்கு இதில் பல பொருந்தும். விடியற்காலையில் வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பது அங்கே பழக்கத்தில் இருக்கிறது. சமவெளியில் மாம்பூ நேரத்து மழை, சூறைக்காற்றில் சாய்ந்த வாழை என்று நமக்கு வேறு கணக்கு. ஆனால் முதல் நாள் ஆத்திரத்தில் எடுக்கும் முடிவு எங்கும் ஒன்றுதான்: மிச்சத்தை நாமே அழித்துவிடுகிறோம். மருந்தை வாங்கி அடிப்பதும், அரிவாளை எடுத்து வெட்டுவதும் எண்ணிப் பார்த்த பிறகு இருக்கட்டும்.

இந்த இதழின் கேள்விப் பகுதிக்கு “எல்லாம் கொட்டிப் போச்சு, என்ன அடிக்கலாம்?” என்று எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, தோட்டத்தில் ஐந்து இடங்களில் பத்துப் பத்து எண்ணிப் பார்த்ததில் எத்தனை நன்றாக இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் தெளிவாக வரும். பல நேரம் எண்ணி முடிக்கும்போதே பாதிப் பதில் உங்கள் கையில் இருக்கும்.