பத்தரை கிராம்

ஸ்கூட்டருக்குக் கியர் இல்லை என்று சொல்வார்கள். இருக்கிறது. நம் கைக்கும் காலுக்கும் வேலை வைக்காமல் ஆறு சின்ன ரோலர்கள் அதை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அவை வெளிப்பக்கம் ஓடி, முன்புல்லியின் தட்டுகளை நெருக்கும். நடுவிலுள்ள பெல்ட் மேலே ஏறும். பின்புல்லியில் அதே பெல்ட் ஸ்பிரிங்கை எதிர்த்து உள்ளே இறங்கும். ரோலர் கனமாக இருந்தால் கியர் சீக்கிரம் கூடிவிடும். லேசாக இருந்தால் இஞ்சின் இன்னும் கொஞ்சம் கத்திய பிறகுதான் கூடும்.

1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ஒரு சின்னக் காரில் காட்டியதும் இந்தப் பெல்ட் வித்தைதான். கனடாவின் பனிவண்டிகளிலும் இதுதான். அங்கே உயர்ந்த மலைக்குப் போகுமுன் கிளட்ச்சின் எடைகளைக் குறைப்பார்கள். மேலே காற்று மெலிவு, இஞ்சினுக்கு வலு குறையும். பழைய எடையோடு போனால் முழுச் சுற்றுக்கு வருமுன்னே கியர் கூடி, வண்டி திணறும்.

சிரம்பானில் பனி ஏது? ஏற்றம் இருக்கிறது. அப்பாவின் 125 சிசி ஸ்கூட்டரில் விடியற்காலை முன்னால் இட்லி, சாம்பார் வாளி, பின்னால் அம்மா. கடைக்குப் போகும் மேட்டில் பாதியிலேயே வண்டி மூச்சு வாங்கும். அம்மா இறங்கி, முழங்கால் வலியோடு நடப்பார். "வித்துட்டு வேற வாங்குங்க" என்று சொல்லாத ஆளில்லை. காசு யார் தருவது?

பட்டறை அண்ணன்தான் வேறு மாதிரி கேட்டார்: "எவ்ளோ வெயிட் ஏத்துறீங்க?" அதுவரை எல்லாரும் எங்களிடம் கேட்டது, எவ்வளவு வேகம் போகும் என்பதைத்தான். இடப்பக்க மூடியைக் கழற்றினார். 12 கிராம் ரோலர்கள், ஒரு பக்கம் தேய்ந்து சப்பையாகிக் கிடந்தன. புல்லித் தட்டுகளைத் துடைத்து (கிரீஸ் பட்டால் பெல்ட் வழுக்குமாம்), 10.5 மாட்டினார். புது ரோலர் போட்டதிலேயே பாதித் திணறல் போயிருக்கும் என்பது என் கணிப்பு. மீதி அந்த ஒன்றரை கிராம்.

லேசு போட்டால் வண்டி பறக்கும் என்று பையன்கள் சொல்வதை நம்பாதீர்கள். நெடுஞ்சாலையில் இப்போது இரைச்சல் அதிகம், பெட்ரோலும் வாரத்துக்கு மூணு வெள்ளி கூட. அப்பா அதைச் சொல்லிப் புலம்புகிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. மேட்டில் சாம்பார் வாளியின் மூடியை மட்டும் எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.