ஒரு நிறமாலை போதாது

ஒன்றையொன்று சுற்றும் இரண்டு ராட்சதக் கருந்துளைகளை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. இரு விண்மீன் மண்டலங்கள் மோதி ஒன்றானால் அவற்றின் மையக் கருந்துளைகளும் நெருங்கிவர வேண்டும். ஆனால் தொலைநோக்கியில் அவை ஒரே புள்ளிதான். கருந்துளையில் விழும் வாயுவால் பிரகாசிக்கும் விண்மீன் மண்டல மையமான குவேசாரின் ஒளியைப் பிரித்து நிறமாலையாக்கிப் படிப்பதே வழி.

கருந்துளையைச் சுற்றும் வாயு நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் ஹைட்ரஜன் கோடு அகன்று தெரியும். இரண்டு கருந்துளைகளும் தத்தம் வாயுவோடு சுற்றினால், நம்மை நோக்கி வருவதன் கோடு நீலப் பக்கமும் விலகிப் போவதன் கோடு சிவப்புப் பக்கமும் நகரும். வானியலாளர் காஸ்கெல் 1983இல் முன்வைத்த யோசனை இது.

2009இல் வானியலாளர்கள் போரோசனும் லாயரும் ஸ்லோன் வான் ஆய்வின் சுமார் 17,500 குவேசார்களை அலசி, இரண்டு அகன்ற கோட்டுத் தொகுதிகள் கொண்ட ஒன்று கருந்துளை ஜோடியாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். தொகுதிகளின் வேக இடைவெளி நொடிக்கு 3,500 கிலோமீட்டர். அந்த நிறமாலையைத் தரவிறக்கிப் பார்த்தபோது மனம் அக்கணமே நம்பிவிட்டது. நம்பத்தான் விரும்பினேன்.

ஆனால் தட்டையான வாயு வட்டு சூழ்ந்த ஒற்றைக் கருந்துளையும் கோட்டில் இரட்டை முகடுகளைக் காட்டும்; வட்டின் ஒரு பாதி நம்மை நோக்கி வர, மறு பாதி விலகிப் போகிறது. 3சி 390.3 என்ற மண்டலத்தை ஜோடி என்று கருதியவர்கள் உண்டு. வானியலாளர் எராக்லியஸின் குழு 1997இல் ஏறத்தாழ இருபதாண்டு நிறமாலைகளை அடுக்கிப் பார்த்தது. முகடுகள் சுற்றுப்பாதை சொன்னபடி நகரவில்லை. ஜோடிதான் என்று பிடிவாதம் பிடித்தால் ஆயிரம் கோடி சூரியன்களுக்கும் மேற்பட்ட நிறை வேண்டியிருந்தது. அந்தக் கட்டுரையைப் படித்தபின் முகட்டின் வடிவத்தை நான் சான்றாக எண்ணுவதில்லை. பல ஆண்டுகளில் அது எவ்வளவு நகர்ந்தது என்பதையே கேட்கிறேன். 2009இன் குவேசாரும் பின்னர் எடுத்த நிறமாலைகளில் எதிர்பார்த்தபடி நகரவில்லை. ஒற்றை வட்டின் சாயலே தெரிந்தது.

மனம் ஏற்க மறுத்தது ஒன்றைத்தான். 2009இல் அறிவித்த ஜோடிக்குக் கணித்த சுற்றுக்காலமே சுமார் 100 ஆண்டு. இத்தகைய கேள்விகள் சிலவற்றின் விடை என் ஆயுளுக்குள் வராது. எராக்லியஸ் குழு 2012இல் 88 குவேசார்களைப் பொறுக்கி மீண்டும் மீண்டும் நோக்கத் தொடங்கியது. ஒரு ஜோடியைச் சந்தேகமறத் தள்ளுபடி செய்வதும் கண்டுபிடிப்புக்கு ஈடான உழைப்பு என்பேன்.

ஸ்லோன் நிறமாலைகள் யாவர்க்கும் இலவசம். இயற்பியல் படிக்கும் பிள்ளைகளே, ஒரே குவேசாரின் பழைய நிறமாலையையும் புதியதையும் அருகருகே வைத்து, கோடு நகர்ந்திருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள்.