எண்ணும் இயந்திரமும் எண்ணும் மனமும்

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கணக்கிடுதல் ஒன்று, நினைத்தல் மற்றொன்று. எங்கள் காசாளர் அறையில் வீற்றிருக்கும் பணமெண்ணும் இயந்திரம் முதற்பொருளை மட்டுமே அறியும். இரண்டாவதை எங்களிடம் விட்டுவிட்டது.

தலைநகரில், கட்டணங்களைப் பணமாகப் பெறும் மைய அரசு அலுவலகம் ஒன்றின் எழுத்தர்கள் நாங்கள். 100 தாள் கொண்டது ஒரு கட்டு. மேல்தட்டில் வைத்த கட்டினை ரப்பர் உருளைகள் ஒவ்வொரு தாளாகப் பிரித்து உள்ளே இழுக்கும். கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை ஒரு தாள் மறைத்துச் செல்லுந்தோறும் எண்ணிக்கை ஒன்று கூடும். இவ்வளவே அதன் வித்தை.

நம் நாட்டு ரூபாய்த் தாள் பருத்தி இழையால் ஆனது. சந்தையிலும் பேருந்திலும் கைமாறி வருகையில் மாவையும் மஞ்சளையும் வியர்வையையும் சுமந்தே வருகிறது. அத்தூசு உருளைகளிலும் ஒளியுணரும் கண்களிலும் படிகிறது.

ஒரு மாலை, 500 ரூபாய்க் கட்டொன்றில் 99 என்று காட்டியது இயந்திரம். மறுமுறை 100, மூன்றாம் முறை மீண்டும் 99. பணம் குறைந்தால் காசாளர் தம் கையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். கட்டுகளுக்குப் பட்டை சுற்றும் தினக்கூலி இளைஞர்மீது அறையிலிருந்தோர் பார்வை திரும்பியது. எவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் சொல்லினும் கொடிது. ஓய்வுபெறும் நிலையிலிருந்த தலைமைக் காசாளர் ஈரப்பஞ்சில் விரலைத் தொட்டுப் பொறுமையாகக் கையால் எண்ணினார். 100 தாளும் இருந்தன. இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது உருளை அழுக்கேறி வழவழத்துப் போயிருந்தது. இரு தாள்கள் ஒன்றாய் ஒட்டிச் சென்றதே குறைவுக்குக் காரணம்.

அன்றுமுதல் எங்களுக்குச் சில விதிகள் உண்டு. ஒரே கட்டு முறைக்கொரு தொகை காட்டினால், முதலில் ஐயுற வேண்டியது இயந்திரத்தை; மனிதரை அன்று. மாலைதோறும் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்தூரிகையால் தூசு தட்டி, ஒளிக்கண்களை உலர்ந்த துணியால் துடைக்கிறோம். உருளைகளுக்குத் துணியில் சிறிதே நனைத்த ஸ்பிரிட் போதும், தண்ணீர் ஆகாது. தாள்கள் இரட்டையாய்ச் சென்றால், பின்புறத் திருகைச் சிறிது முடுக்கிக் கையால் எண்ணி வைத்த கட்டினால் சோதிக்கிறோம். குண்டூசி, ஒட்டுத்தாள், மடிந்த மூலை ஆகியவற்றை முன்னரே நீக்குகிறோம்.

2016 நவம்பரில் பழைய 500 ரூபாய்த் தாள் செல்லாதாயிற்று. 167 மில்லிமீட்டர் நீளமிருந்த அதனிடத்தில் 150 மில்லிமீட்டர் நீளமுள்ள புதுத்தாள் வந்தது. தாள்கள் கோணலாய் நுழைந்து இயந்திரம் அடிக்கடி நின்றது. இருபுறத் தடுப்புகளை நெருக்கி வைத்த பின்னரே சீரானது.

இன்னுமொன்று: சலவைத்தூளில் நனைந்த நல்ல தாளும் புறஊதா ஒளியில் பளிச்சிடும், இயந்திரம் கள்ளத்தாள் என்று கூவும். அப்போது நீர்க்குறியையும் பாதுகாப்பு இழையையும் கண்ணாலும் விரலாலும் ஆராய்ந்த பின்னரே கொடுத்தவரை நோக்குகிறோம்.

இயந்திரத்தைத் துடைக்க நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாத அறையில், இயந்திரத்தின் அழுக்கு ஒரு மனிதரின் பெயரில் ஏறிவிடும். அதனைத் துடைப்பது எளிதன்று.