கல்லில் காத்திருந்த சார்மாண்டர்

சார்மாண்டரைப் பற்றிப் போகிமான் விளையாட்டு முதலில் சொல்லும் தகவலே கொஞ்சம் கொடூரமானது. பிறந்த நொடியிலிருந்து அதன் வால்நுனியில் ஒரு தீ எரிகிறது. அந்தத் தீ அணைந்தால் அது செத்துப்போகும். இரண்டடி உயரம், எட்டரை கிலோ எடை, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு காலில் நிற்கும் ஒரு பல்லி. வாயால் நெருப்பைக் கக்கும் என்பதுதான் அதன் பெருமை. ஆனால் பார்த்த எங்கள் யாருக்கும் வாய் நெருப்பு பெரிதாகப் படவில்லை. கண் எப்போதும் வால் மேலேயே இருக்கும்.

தெரியாதவர்களுக்காக: 1996 பிப்ரவரியில் ஜப்பானில் கேம் பாய்க்காக ரெட், கிரீன் என்று இரண்டு பதிப்புகள் வந்தன. மொத்தம் 151 பிராணிகள். ஆரம்பத்தில் ஒரு பேராசிரியர் மூன்றை வைத்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார். செடி வகை பல்பசார், தண்ணீர் வகை ஸ்குவர்ட்டில், நெருப்பு வகை சார்மாண்டர். முதல் பெரிய எதிரி ப்ராக், அவனிடம் இருப்பதெல்லாம் பாறைகள். செடியையோ தண்ணீரையோ எடுத்தவன் ஜாலியாகத் தாண்டிவிடுவான். சார்மாண்டரை எடுத்தவனுக்குத்தான் சோதனை.

ஒரு சின்ன ஓட்டை உண்டு. ப்ராக்கின் ஓனிக்ஸுக்குத் தற்காப்பு எண் 160, அது பிறாண்டலுக்கும் கடிக்கும் மட்டும்தான் செல்லும். நெருப்பு மாதிரியான தாக்குதல்களுக்கு அந்த முதல் பதிப்பில் 'ஸ்பெஷல்' என்று தனியாக ஒரு எண். ஓனிக்ஸுக்கு அது வெறும் 30. பாறை மேல் நெருப்பு பாதிதான் வேலை செய்யும் என்று விதி இருந்தாலும், 9ஆம் லெவலில் கற்கும் 'எம்பர்' என்ற சின்ன நெருப்பை விடாமல் அடித்தால் மலை சரியும். பிற்பாடு புரோகிராமராகி, அடுத்தவர் எழுதிய கோடில் இப்படியான சந்துகளைத் தேடும்போதெல்லாம் எனக்கு ஓனிக்ஸ்தான் ஞாபகம் வரும்.

அந்த வால் தீ? அது கோடிலேயே கிடையாது. தண்ணீரில் எவ்வளவு அடி வாங்கினாலும் சார்மாண்டர் மயங்கி விழும், அவ்வளவுதான். போகிமான் சென்டரில் கொடுத்தால் எழுந்து நிற்கும். சாவு என்பது விவரக்குறிப்பில் மட்டும் இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் டாக்குமெண்டேஷனில் உண்டு, இம்ப்ளிமெண்ட் ஆகவில்லை. ஆனாலும் நாங்கள் டாக்குமெண்டேஷனைத்தான் நம்பினோம்.

ஜப்பானியப் பெயர் ஹிட்டோகாகே. ஹி என்றால் நெருப்பு, டோகாகே என்றால் பல்லி. வேறு எழுத்தில் எழுதினால் அதே உச்சரிப்புக்கு மனித நிழலுருவம் என்று பொருள் வரும். ஆங்கிலப் பெயரில் இருப்பது சாலமாண்டர், நெருப்பில் வாழும் என்று ஐரோப்பா வெகுகாலம் நம்பிய பிராணி. குளிர்காலத்தில் மரக்கட்டைக்குள் பதுங்கியிருக்கும். கட்டையை அடுப்பில் போட்டதும் வெளியே ஓடிவரும். அதைப் பார்த்து எழுந்த நம்பிக்கை என்பார்கள். பாவம், அது உயிர் பிழைக்க ஓடியிருக்கிறது.

வால் தீயை முதலில் சீரியஸாக எடுத்துக்கொண்டது கார்ட்டூன்தான். 1997இல் ஜப்பானில் வந்த தொடரின் 11ஆவது பகுதி. நான் பார்த்தது அதற்குப் பல வருடம் கழித்து, கார்ட்டூன் நெட்வொர்க்கில். ஒரு பாறை மேல் சார்மாண்டர் தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் பயிற்சியாளன் டேமியன், "இங்கேயே இரு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். அவன் வரமாட்டான். அது பலவீனமானது, வேண்டாம் என்று கழற்றிவிட்டு, போகிமான் சென்டரில் உட்கார்ந்து நண்பர்களோடு சிரித்துக்கொண்டிருப்பான். மழை பிடிக்கும். சார்மாண்டர் ஒரு இலையை வால் மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, பாறையை விட்டு இறங்காமல் இருக்கும். ஆஷும் நண்பர்களும் தூக்கிப்போய் காப்பாற்றுவார்கள். உடம்பு தேறியதும் அது என்ன செய்யும் தெரியுமா? ராவோடு ராவாக எழுந்து காத்திருக்கத் திரும்பிப் போய்விடும்.

இதை விசுவாசம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 'வேண்டாம், போ' என்று டேமியன் சொல்லியிருந்தால் அது அழுதுவிட்டு வேறு வழி பார்த்திருக்கும். 'இரு' என்று சொன்னதுதான் அயோக்கியத்தனம்.

2009இல் நாங்கள் இன்ஜினியரிங் முடித்தோம். முந்தைய வருடமே கேம்பஸில் தேர்வாகிக் கையில் ஆஃபர் லெட்டர் வைத்திருந்தவர்களுக்கு, அமெரிக்காவில் வங்கிகள் சரிந்ததும் ஜாயினிங் டேட் வருவது நின்றுபோனது. என் அறைத்தோழனுக்கு வந்த மெயில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும்: தேதி விரைவில் தெரிவிக்கப்படும். கம்பெனி ரத்து செய்யவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. சென்னையில் நாங்கள் நாலு பேர் எடுத்திருந்த வீட்டில் அவன் 14 மாதம் காத்திருந்தான். நடுவில் சின்னக் கம்பெனி ஒன்றில் எட்டாயிரம் சம்பளத்துக்கு வேலை வந்தது. "சேந்துட்டா இவனுங்க கூப்பிடும்போது பிரச்சன ஆயிரும் மாப்ள" என்று விட்டுவிட்டான். ஆஃபர் லெட்டரை பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, மழையில் வீடு ஒழுகும் என்று பரண் மேல் வைக்காமல் பீரோவுக்குள் வைத்திருந்தான். அவன் அம்மா போன் செய்தால் என்னிடமும் பேசுவார். "தம்பி, உங்களுக்காவது எதாச்சும் தெரிஞ்சுதாப்பா?"

அந்த 14 மாதமும் அவன் எமுலேட்டரில் போகிமான் ஃபயர்ரெட் ஆடினான். 2004இல் வந்த மறுபதிப்பு. அதில் சார்மாண்டர் மேல் இரக்கப்பட்டு, 13ஆம் லெவலில் 'மெட்டல் க்ளா' என்று பாறையை உடைக்கும் ஒரு நகத்தைக் கொடுத்திருந்தார்கள். அவன் அதைக் கற்கவே விடமாட்டான். "ரெக்கமண்டேஷன்ல பாஸாகுற மாதிரி இருக்குடா" என்பான்.

கார்ட்டூனில் டேமியன் கடைசியில் திரும்பி வருவான். சார்மாண்டர் சண்டையில் ஜெயித்ததைப் பார்த்து, 'வா, நீ என்னோடது' என்பான். அது அவன் முகத்திலேயே நெருப்பைக் கக்கிவிட்டு ஆஷோடு போகும். நண்பனுக்கும் மெயில் வந்தது. அவன் நெருப்பெல்லாம் கக்கவில்லை, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தான். இரண்டே வருடத்தில் மாறினான். அதற்கப்புறமும் எங்கேயும் மூன்று வருடம் தாண்டியதில்லை. இன்டர்வியூக்களில் அவனுடைய ரெஸ்யூமேயைப் பார்த்து ஸ்டெபிலிட்டி இல்லையே என்கிறார்களாம்.

ஆஷின் சார்மாண்டரும் அப்படித்தான் ஆனது. வளர்ந்து, இறக்கை முளைத்து, சாரிஸார்டாக மாறிய பின்னும் பேச்சைக் கேட்காது. லீக் போட்டியில், முக்கியமான ஆட்டத்தில், சண்டை போட மாட்டேன் என்று களத்திலேயே படுத்துத் தூங்கிவிடும். ஆஷ் தோற்றுப்போவான். நன்றிகெட்டது என்று நாங்கள் டிவி முன்னால் திட்டினோம். விளையாட்டின் கோடிலும் இதற்கு இணையாக ஒன்று உண்டு: ஒவ்வொரு போகிமானின் தரவிலும் அதை முதலில் பிடித்தவனின் அடையாள எண் பதிந்திருக்கும். கைமாறி வந்தது என்றால், புது எஜமானிடம் போதுமான பேட்ஜ் இல்லாதபோது, பெரிய லெவலில் இருப்பது சொன்னதைக் கேட்காது. சும்மா நிற்கும், திரும்பிக்கொள்ளும், தூங்கும். முதல் ஆளின் எண்ணை அழிக்க மட்டும் வழி கிடையாது.

சாரிஸார்ட் திரும்ப ஆஷிடம் வருவது ரொம்ப நாள் கழித்து. ஒரு சண்டையில் அது பனியில் உறைந்துபோகும். ஆஷ் இரவெல்லாம் தீ மூட்டி, போர்வை போர்த்தி, கை கொப்பளிக்கும்வரை அதன் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். சொன்ன பேச்சைக் கேள் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டான். விடியும்போது அது கண் திறக்கும்.

அந்தப் பகுதியை நண்பன் பார்த்ததில்லை. போன மாதம் அனுப்பினேன். பதில் வந்தது: "பாக்குறேன் மாப்ள. நோட்டீஸ் பீரியட்ல இருக்கேன், டைம் நெறைய இருக்கு."