சுக்கானுக்கும் எண்ணெய் உண்டு

நோய் வந்தபின் மருந்து தேடுவதினும், வராமற் காப்பதே மேல் என்பர் பெரியோர். மோட்டார் வண்டிக்கும் இது பொருந்தும். எஞ்சின் எண்ணெயை மாற்ற நாளெண்ணுவோர் பலர். சுக்கானுக்குத் துணைபுரியும் எண்ணெயை நினைப்போர் சிலரே.

எமது வீட்டு வண்டி இருபது ஆண்டு கண்டது. பிள்ளைகளை அதிற் பாடசாலைக்கு ஏற்றிச் செல்பவர் எமது இல்லாள். அவர் சுக்கானை எளிதாகத் திருப்புவது கைவலிமையால் மாத்திரமன்று. எஞ்சினாற் சுழலும் பம்பி எண்ணெயை அழுத்த, அவ்வழுத்தமே முன்சில்லுகளைத் திருப்பத் துணைசெய்கிறது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926 இல் இவ்வமைப்பை வண்டியிற் பொருத்திக் காட்டினார். 1951 இல் கிறைஸ்லர் நிறுவனம் இதனைத் தன் கார்களில் விற்பனைக்குக் கொணர்ந்தது. எண்ணெய் ஒழுகிக் குறைந்தாற் பம்பி தேயும். வளைவொன்றிற் சுக்கான் திடீரெனக் கனத்துவிடவுங் கூடும். அவ்வேளை வண்டியினுள் இருப்போர் எம் மக்களன்றோ?

ஆகையால் மாதம் ஒருமுறை, எஞ்சினை நிறுத்தி, எண்ணெய்த் தாங்கியின் மூடியைத் துடைத்துத் திறந்து பார்க்கிறோம். எண்ணெய் கறுத்துக் கருகல் மணம் வீசினால் மாற்றவேண்டும். நுரைத்திருந்தாற் காற்றுப் புகுந்துள்ளது. மட்டம் அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுக்கு உண்டு. அதற்கு மேலும் மேலும் ஊற்றுவது பரிகாரமாகாது. ஒழுக்கை அடைப்பது கராஜ்காரரின் வேலை.

எண்ணெய் மாற்றுவதை நாமே செய்கிறோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, ஊசிக்குழாயாற் பழைய எண்ணெயை உறிஞ்சியெடுப்போம். தாங்கியின் அடியிற் படிந்த அழுக்கை நூல் உதிராத துணியால் ஒற்றியெடுத்து, கைந்நூல் விதித்த எண்ணெயையே குறிவரை ஊற்றுவோம். வேறினம் றப்பர் அடைப்புகளைக் கெடுக்கலாம். அதன்பின்னரே எஞ்சினை இயக்கிச் சுக்கானை இருபுறமும் மெல்லத் திருப்புவோம். கடைசி எல்லையில் அழுத்திப் பிடித்திருத்தலாகாது, எண்ணெய் கொதிப்பேறும். குழாய்களில் எஞ்சிய பழைய எண்ணெய் புதியதோடு கலக்குமாதலால், சில நாள் ஓடியபின் மீண்டும் இவ்வாறே செய்யவேண்டும். மூன்று நான்கு முறையில் நிறம் தெளியும்.

கழிவெண்ணெயை மூடியுள்ள போத்தலில் அடைத்து, அதனைச் சேகரிக்கும் கராஜில் ஒப்படைக்கிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிநிலம் சுண்ணக்கல். வளவில் ஊற்றியது நாளடைவிற் கிணற்றைச் சேரும். வண்டியைக் காக்கப் புகுந்து குடிநீரைக் கெடுப்பது அறிவாகாது.

இக்காலப் புதுவண்டிகள் பலவற்றில் மின்மோட்டாரே சுக்கானுக்குத் துணை. அவற்றுக்கு இவ்வேலை இல்லை. பழைய வண்டி வைத்திருப்போர் பிள்ளைகளையும் அருகழைத்துச் செய்க. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையும் பரவும் என்னும் பஸ்காலின் விதியை எம் மகன் பாடநூலிற் படித்திருந்தான். ஒருநாள் விளக்குப் பிடித்து நின்றவன், “அப்பா, அந்த விதிதானே இங்கே வேலை செய்கிறது?” என்றான். அன்றுமுதல் மாதப் பரிசோதனை அவன் பொறுப்பு.