நந்தி மலைத் திராட்சையும் நம் கல்வராயன் மலையும்

பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போனால் எனக்குப் பொழுது நகராது. போன பிப்ரவரியில் அங்கே இருந்தபோது, "ஒயின் தோட்டம் பார்க்க வர்றீங்களாப்பா?" என்று கேட்டான். அவன் அம்மா முகத்தைச் சுளித்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் எங்கள் பாடப்புத்தகம் மாறவில்லை. காவிரி எங்கே பிறக்கிறது என்று தெரிவதற்கு முன்பே ஷாம்பாஞ், பொர்தோ, பூர்கோஞ் என்று திராட்சைச் சீமைகளை வரைபடத்தில் குறிப்போம். திராட்சை அறுவடைக்கு 'வாந்தாஞ்' என்று பெயர். சரிவான நிலம், குளிர்ந்த இரவு, சத்துக் குறைந்த மண், இவை இருந்தால் பழம் நன்றாக வரும் என்று மனப்பாடம் செய்து ஒப்பித்தோம். ஒயின் கொடியை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. எழுத்தர் வேலை கிடைத்துக் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்து சேர்ந்தவனுக்கு அதற்குப் பிறகு வாந்தாஞ் ஏது, ஜமாபந்திதான்.

தோட்டம் தொட்டபள்ளாபுரத்துக்கு அருகே, நந்தி மலை அடிவாரத்தில் இருக்கிறது. மலை உச்சி 4,851 அடி. தோட்டம் ஏறக்குறைய 3,000 அடி. கன்வல் குரோவர் என்பவர் 1988-இல் தொடங்கியது. மிஷேல் ரோலான் என்ற பொர்தோக்காரர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். சுற்றிக் காட்டிய பையன் அந்தப் பெயரை இங்கிலீஷ்காரன் மாதிரி உச்சரித்தான். நான் திருத்தவில்லை.

என் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றை அவன் சொன்னான். பிரான்சில் குளிர்காலத்தில் கொடி இலையை உதிர்த்துத் தூங்கிவிடும். நம் பக்கம் அந்தக் குளிர் இல்லை, கொடி தூங்குவதே இல்லை. அதனால் வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டுகிறார்கள். அறுவடை முடிந்த கையோடு ஒரு வெட்டு, அது கிளைக்காக. மழை ஓயும் சமயம் செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு வெட்டு, அது பழத்துக்காக. பிப்ரவரி, மார்ச்சில் பறிப்பார்கள். பழம் சின்னது, தோல் தடிப்பு, கொட்டை அதிகம். நம் கம்பம் பன்னீர் திராட்சையைத் தின்ற வாய்க்கு அது பழமாகவே தோன்றாது.

உள்ளே ஆளுயரத்துக்கு மேல் எஃகுத் தொட்டிகள். சிவப்பு ஒயினுக்குச் சாற்றைத் தோலோடு சேர்த்தே புளிக்கவிடுகிறார்கள். சூடு ஏறாமல் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது. பிறகு ஓக் மரப் பீப்பாய். கடைசியில் ஆளுக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை. சர்க்கரை வியாதிக்காரன், இரண்டு மிடறோடு நிறுத்தினேன். என் மனைவி மோந்து பார்த்துவிட்டு, "இந்தக் கஷாயத்துக்கா இவ்வளவு தூரம்?" என்றாள்.

திரும்பும் வழியில் மகன் நிறைய பேசினான். எனக்குக் கவனம் அதில் இல்லை. 3,000 அடி என்றால் நம் கல்வராயன் மலைக்கும் அதே உயரம்தானே. அங்கேயும் சரிவு இருக்கிறது, இரவில் போர்வை வேண்டியிருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாமை, மரவள்ளி, கடுக்காய், தேன் என்று எவ்வளவோ இருந்தும், வெளியூர்க்காரர்களுக்கு அந்த மலை என்றால் சாராயம்தான். வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலைப் போலீசார் ஓடைக்கரையில் கவிழ்த்துக் கொட்டும் படம் பேப்பரில் வராத மாதம் குறைவு.

2024 ஜூனில் கருணாபுரத்தில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபத்தைந்து பேருக்கு மேல் போனார்கள். எங்கள் தெருவில் காய்கறி வண்டி தள்ளியவரும் அதில் ஒருவர். மறுநாள் காலை அவர் குரல் கேட்காதபோது, ஊருக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தோம். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும், முதலில் கண்ணைப் பறிக்கும். வெல்ல ஊறலைக் காய்ச்சினால் வருவது எத்தனால். இந்த வித்தியாசம் அன்றைக்கு டீக்கடையில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "எல்லாம் மலைச் சரக்கு" என்று முடித்துவிட்டார்கள். மலைச் சாராயம் நல்லதென்று நான் வாதாட வரவில்லை. அதில் அழிந்த குடும்பங்களையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கர்நாடகத்தில் 2007-இல் ஒயினுக்கென்று தனிக் கொள்கையே போட்டு, வாரியமும் அமைத்தார்கள். அங்கே புளிக்க வைப்பவர் தொழிலதிபர்.

போன மாதம் வெள்ளிமலைக்குப் போனபோது, பழைய பழக்கமுள்ள ஒரு கவுண்டரிடம் நந்தி மலைக் கதையைச் சொன்னேன். வேலை பார்த்த காலத்தில் பட்டா விஷயமாக அலைந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த மலைக்குப் போலீசு வராதுங்களா சார்?" என்றார்.

"வருவாங்க, டிக்கெட் வாங்கிட்டு" என்றேன்.

ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு உள்ளே திரும்பி, "சாருக்கு ரெண்டு கெழங்கு அவிச்சிக் குடு ஆயா" என்று குரல் கொடுத்துவிட்டு, மரவள்ளி இந்த வருஷம் மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்று சொல்லத் தொடங்கினார்.